மாடிக்கு அனுமதி இருக்கிறதா?

கீழே நாம் குடியிருக்கலாம், மாடி வாடகை கடன் தவணையைக் கட்டிவிடும் என்ற கணக்கில்தான் பலர் இரண்டு போர்ஷன் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். வாடகை எவ்வளவு வரும் என்று விசாரிப்பவர்கள், அந்த மாடி அனுமதி வாங்கிக் கட்டியதுதானா என்று கேட்பதில்லை.

கட்டிய வீட்டை வாங்குவதென்றால், ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருக்கும்; நேரில் மாடியிலும் அடுப்பு எரியும். கார் நிறுத்தக் காட்டிய இடத்தில் சுவர் எழுப்பி ஒற்றை அறையாக்கியிருப்பார்கள். பக்கத்தில் காலியாக விட வேண்டிய இடத்தில் படிக்கட்டு ஏறும். இத்தகைய கட்டடத்தைப் பூட்டி சீல் வைக்க, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இடமுண்டு. கட்டியவர் விற்றுவிட்டுப் போயிருப்பார். நோட்டீஸ் வாங்குவது நீங்கள். வில்லங்கச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும், விதிமீறல் வராது.

சொந்த மனை இருந்தால் கட்டுவதே மேல் என்பேன். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்ட 2024 முதல் சுயசான்று முறையில் இணையவழியிலேயே அனுமதி கிடைக்கிறது. கையில் பணம் குறைவா? அஸ்திவாரத்தை இரண்டு தளத்துக்குப் போட்டு, மாடியைப் பிறகு எழுப்பலாம். கான்ட்ராக்டருக்கு வேலை முடிய முடியத்தான் பணம் கொடுக்க வேண்டும். கம்பி, சிமென்ட் தரம் வரை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கு ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை என்பதால், வேலையில் குறை வந்தால் நாட வேண்டியது நுகர்வோர் ஆணையத்தை. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்.

குடிவைக்கும்போது, தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாடகை பாக்கி வைத்தவரானாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. அவரைக் காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். உத்தரவு வரும்வரை தவணையை உங்கள் சம்பளத்திலிருந்துதான் கட்டியாக வேண்டும்.