மூன்று உயிர்கள் வாழும்வரை குத்தகை

அயர்லாந்தில் குடும்ப வரலாற்றைத் தேடுவது எளிதன்று. 1922 ஜூன் மாதம் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் சாம்பலானது. 1861 முதல் 1891 வரையிலான கணக்கெடுப்புகளை அரசாங்கமே அதற்கு முன்பு அழித்துவிட்டிருந்தது. 1922க்கு முன்பு எடுக்கப்பட்டவற்றில் முழுமையாகக் கிடைப்பவை 1901, 1911 ஆண்டுகளுக்குரியவைதான்.

எங்கள் பல்கலைக்கழகத்திற்குப் பரிமாற்ற மாணவியாக வந்திருக்கும் ஐரிஷ் தோழியின் தேடலும் 1850களோடு நின்றுபோயிருந்தது. வரலாறு என் பாடம் என்பதால் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் டப்ளின் பத்திரப் பதிவகம் எனக்கு அறிமுகமானது.

1708இல் தொடங்கிய அந்தப் பதிவகம் ஹென்ரியெட்டா தெருவில் தனியாக இருந்ததால் தீயிலிருந்து தப்பியது. அது உருவான நோக்கம் அவ்வளவு நல்லதன்று. கத்தோலிக்கர்கள் நிலம் வாங்கக்கூடாது, 31 ஆண்டுகளுக்குமேல் குத்தகை எடுக்கக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. அதை மீறும் கைமாற்றங்களை வெளிக்கொணரவும் பதிவுமுறை பயன்பட்டது. தோழியின் முன்னோர் கத்தோலிக்க உழவர்கள். 1778இல் குத்தகைத் தடை தளர்ந்த பிறகே அவர்களைத் தேடுவதில் பயன் இருக்கும் என்று முடிவுசெய்தோம்.

நிலத்தைக் கொடுத்தவரின் பெயருக்கு அட்டவணை உண்டு, நிலத்துக்கும் உண்டு. வாங்கியவர் பெயருக்கு மட்டும் இல்லை! ஏழைக் குத்தகைக்காரரைத் தேட வேண்டுமானால் அவருடைய நிலக்கிழாரின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் ஊர்ப் பெயரை வைத்துத் தேட வேண்டும். ஃபேமிலிசர்ச் தளத்தில் கையெழுத்துப் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். நான்கு வார இறுதிகள் அதிலேயே போயின.

நான் பெரிதும் ரசித்தது ‘உயிர்க் குத்தகை’. இத்தனை ஆண்டுகள் என்று எழுதாமல், பெயர் குறிப்பிட்ட மூவரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை நிலம் உங்களுக்கு என்று எழுதிவிடுவார்கள். நீண்டகாலம் வாழட்டும் என்று குத்தகைக்காரர்கள் பெரும்பாலும் தம் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்தார்கள். அதனால் உறவுமுறையும் சில வேளைகளில் வயதும் பத்திரத்தில் இடம்பெற்றன. ஞானஸ்நானப் பதிவேடு இல்லாத ஊருக்கு இது பெரிய வரம்.

1790களின் குத்தகை ஒன்றில் தோழியின் மூதாதை பெயரில் ஐந்து வயதுச் சிறுவன் இருக்கிறான். ஊரும் பொருந்துகிறது. ஆனால், கல்லறையில் உள்ள வயதோடு ஒப்பிட்டால் இரண்டு ஆண்டுகள் இடிக்கிறது. நம்மைப் போலவே அங்கும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே, இவன் அவருடைய பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். “இவன்தான்” என்கிறாள் அவள். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தளத்தில் இருப்பவை எழுத்தர்கள் படியெடுத்த புத்தகங்கள். பதிவுக்காகக் கொடுத்த மூலக் குறிப்பில்தான் ஒரு தரப்பினரின் கையொப்பமும் சாட்சிகளின் கையொப்பமும் இருக்கும். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அதைப் பார்க்கப்போகிறாள். குத்தகைக்காரர் கையெழுத்திட்டிருக்கிறாரா, கீறல் போட்டிருக்கிறாரா என்று எனக்குப் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.