திறந்திடு எள்ளே!

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். வாசலில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை நீலமாகப் படுத்திருக்கும். எனக்கு எட்டு வயதானபோது அந்த மலைக்குள் நாற்பது திருடர்கள் குடியிருந்தார்கள்.

எல்லாம் டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து மேலே உட்கார்ந்து பார்த்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ செய்த வேலை. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 1956 படம். தமிழில் வந்த முதல் முழுநீள வண்ணப் படம் அதுதான். எடுத்தவர்கள் மலைக்கு அந்தப் பக்கம், சேலத்தில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ். போதாக்குறைக்கு மலையின் பெயரை நான் ‘கள்வராயன்’ என்றே எழுதிவந்தேன். கள்வருக்கெல்லாம் ராயன் இருக்கிற மலையில் குகை இல்லாமலா போகும்? தமிழய்யா ‘ள’வை அடித்து ‘ல’ போட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் விடவில்லை. கோமுகி அணைப் பக்கம் போனால் ஏதாவது ஒரு பாறை முன்னால் நின்று படத்தில் குகைக் கதவைத் திறக்கும் மந்திரத்தை, “திறந்திடு சீசேம்!” என்று கத்துவேன். ஒருமுறை ஓணான் ஒன்று எட்டிப் பார்த்தது.

ஆயாவுக்கு என் படம் பிடிக்காது. “என்.எஸ்.கிருஷ்ணன் அலிபாபாவா வந்தாரே, அது படம்!” என்பாள். அது 1941-இல் வந்தது. “சரி ஆயா, சீசேம்னா என்ன?” என்று கேட்டால், “ஏதோ பூதத்தோட பேரா இருக்கும், போடா” என்று எள் காயவைக்கப் போய்விடுவாள்.

ஒன்பதாம் வகுப்பில், பள்ளி நூலகத்து அகராதியில் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. சீசேம் என்றால் எள்! ஆயா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த அதே எள்.

குகைக் கதவுக்கும் எள்ளுக்கும் என்ன உறவு? அடுத்த முறை எள்ளுக் கொல்லைக்குப் போனால் ஒரு காயைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும். மேலே மெல்லிய மயிர், நீளவாக்கில் பள்ளங்கள், உள்ளே வரிசை வரிசையாக விதை. தண்டை ஒட்டி, வானத்தைப் பார்த்து நிற்கும். முற்றும்வரை இறுக மூடியிருக்கும். காய்ந்ததும் நுனியில் ஒரு கீறல் விழும். கீறல் மேலிருந்து கீழே இறங்க, காய் வாயைப் பிளக்கும்.

தொடாமலே எப்படித் திறக்கிறது? காயின் தோல் ஒரே படலம் இல்லை. வெளிப்படலம் மென்மையானது, உள்ளே இருப்பது நாரோடிய கெட்டிப் படலம். ஈரம் போகப்போக இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஒன்று இழுக்க மற்றொன்று முரண்டு பிடிக்கும். அந்த இழுபறியில், பலம் குறைந்த ஒட்டுக்கோட்டில் காய் பிளந்துவிடும். வெயிலில் வைத்த அப்பளம் நெளிவதும் இந்த மாதிரிதான்.

பட்டாசுக் காய் விளையாடியிருப்பீர்களே! எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் ‘டப்’ என்று வெடிக்குமே, அதற்குச் சாவி ஈரம். எள்ளுக்குச் சாவி வெயில்.

இந்தக் கதவால் உழவருக்குத்தான் தலைவலி. செடியில் அடிக்காய் முதலில் முற்றும், நுனிக்காய் பச்சையாகவே இருக்கும். எல்லாம் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடியில் இருப்பவை திறந்து, காற்றுக்கு எள் மண்ணில் கொட்டிவிடும். அதனால் அடிக்காய் பழுக்கும்போதே, விடிகாலைப் பனி ஈரத்தில் செடியை அறுத்துவிடுவார்கள். கட்டுக் கட்டி, காயவைத்து, பிறகு தலைகீழாகப் பிடித்துக் குச்சியால் தட்டுவார்கள். பொலபொலவென்று கொட்டும் பாருங்கள், குகைக்குள் பொற்காசு கொட்டியதுகூட அவ்வளவு அழகாக இருந்திருக்காது.

திறக்காத எள்ளும் உண்டு. 1943-இல் வெனிசுலாவில் லாங்காம் என்ற ஆய்வாளர் கண்ணில் அப்படி ஒரு செடி பட்டது. காய்ந்தாலும் வாய் திறக்காது. கொட்டி வீணாகாது என்று மகிழ்ந்தவர்கள், எள்ளை வெளியே எடுக்க அந்தக் காயை உடைக்கப் பட்ட பாடு வேறு கதை.

எள்ளுக்காய் திறப்பதைப் பார்த்துத்தான் அந்த மந்திரம் பிறந்தது என்று சிலர் சொல்கிறார்கள். சிரியாவின் அலெப்போ ஊர்க்காரர் ஹன்னா தியாப் 1709-இல் பாரிசில் சொன்னதுதான் அலிபாபா கதை. கேட்டு எழுதியவர் ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோன கலான். கதையில் அலிபாபாவின் அண்ணன் காசிம் குகைக்குள் மாட்டிக்கொண்டு, மந்திரத்தை மறந்து, “திறந்திடு பார்லி” என்று உளறுவான். பாவம்! பார்லி எங்கே தானாகத் திறக்கும்? மனிதர்கள் பயிர்செய்யும் பார்லியில் மணி கதிரைவிட்டு உதிராது, அடித்துத்தான் பிரிக்க வேண்டும்.

அகராதி பார்த்த அன்று சாயங்காலம் ஓடிப்போய் ஆயாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

“எள்ளுன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? அந்தக் காசிம் மறந்திருக்க மாட்டான்.”