வடிவத்திற்கும் காவல் வேண்டும்

விளக்கொன்றுக்குப் புது வடிவம் காணும் கைத்தொழிலாளிக்குத் தன் தேசத்துச் சட்டம் தரும் பாத்தியதை எல்லையோடு நின்றுவிடுகிறது. அப்பால் எவனும் அதை நகல் செய்து விற்கலாம். இவ்வநீதியைக் குறைக்கவே 1925-ம் வருஷம் ஹேக் உடன்படிக்கை ஏற்பட்டது. அதில் சேர்ந்த தேசத்தார், ஒரே வகுப்பைச் சேர்ந்த 100 வடிவங்கள் வரை ஒரே மனுவில் ஜினீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து ஸ்தாபனத்தில் பதிவு செய்து, தாம் குறிப்பிடும் அங்கத்தினர் தேசங்களில் காப்புக் கோரலாம். தேசத்துக்கொரு வக்கீலை அமர்த்தச் சக்தியற்ற சிறு தொழிலாளருக்கு இது பெரிய சகாயம்.

ஆயினும், ஜினீவாவில் பதிவானதே வெற்றியென்று மயங்கலாகாது. வடிவம் புதிதா என்று அங்கே ஆராய்வதில்லை. அந்தந்தத் தேசம் தன் சட்டப்படி ஆராய்ந்து மறுக்கலாம். முன்னரே வெளியான வடிவம் பல தேசங்களில் புதிதாகாது. ஆகவே, முதலில் மனு, பிறகே சந்தை. இதைத் தொழிலாளருக்கு எடுத்துரைப்பது தேசத்தொண்டர்களின் கடமையென்று நாம் கருதுகிறோம்.