4500 ஷாட்னு விளம்பரம் பண்ணினா என்ன அர்த்தம்?

2024 பொங்கலுக்கு ‘அயலான்’ வந்தப்போ ஒரு நம்பர் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு: 4500-க்கும் மேல விஎஃப்எக்ஸ் ஷாட். இன்னைக்கு அந்த மாதிரி நம்பரைப் பிரிச்சுப் பார்ப்போம்.

ஷாட்னா ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவுல இருக்குற துண்டு. அதுல கம்ப்யூட்டர் வேலை இருந்தா விஎஃப்எக்ஸ் ஷாட். ஏலியன் நடந்து வந்து ஹீரோகிட்ட பேசினாலும் கணக்கு ஒண்ணுதான்; சண்டையில ஹீரோ இடுப்புல கட்டின கம்பியை அழிச்சாலும் ஒண்ணுதான். எங்க ஃபீல்டுல ஒரு சாஃப்ட்வேரை ‘பத்து லட்சம் லைன் கோடு’ன்னு சொல்லி விக்கிற மாதிரி. ‘அயலான்’ல ஏலியன் படம் முழுக்க வர்றதால நம்பர் ஏறினது நியாயம்தான். ஆனா நம்பர் தரத்தைச் சொல்லாது.

முன்னாடி இந்த வியாபாரம் தலைகீழா இருந்துச்சு. 1989-ல ‘அபூர்வ சகோதரர்கள்’ வந்தப்போ, கமல் எப்படி குள்ள அப்புவா ஆனார்னு ரொம்ப வருஷம் சொல்லவே இல்லை. அந்த ரகசியம்தான் விளம்பரம். டீக்கடைக்கு டீக்கடை ஒரு தியரி இருந்துச்சு. ‘2.0’ காலத்துல மேக்கிங் வீடியோ படத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. 2017 தீபாவளிக்கு வர வேண்டிய படம், கடைசியா 2018 நவம்பர் 29-க்குத்தான் வந்துச்சு. விஎஃப்எக்ஸ் கம்பெனிகள் முடிச்சுத் தர்ற தேதியைச் சொல்லிட்டாங்கன்னு சொல்லித்தான் ஷங்கர் ரிலீஸ் தேதியையே அறிவிச்சார். லேட் ஆனதே ‘அவ்வளவு பெரிய வேலை’ங்கிற விளம்பரமாயிடுச்சு.

அந்த லேட்டுக்கு யார் காசு கொடுக்குறது? பெரும்பாலும் விஎஃப்எக்ஸ் கம்பெனி மொத்த வேலைக்கும் முன்னாடியே ஒரு ரேட் பேசிடும். அப்புறம் டைரக்டர் பத்து தடவை மாத்தச் சொன்னா, அந்தச் செலவு பல நேரம் கம்பெனி தலையில. கம்பெனி அதை ராத்திரி ஷிஃப்ட்டா ஆர்ட்டிஸ்ட் தலையில இறக்கும்.

பூதப்பாண்டியில இருக்குற என் சித்தியோட மகன் சென்னையில ரோட்டோ வேலை பார்க்குறான். அதாவது ஃபிரேம் ஃபிரேமா நடிகரோட விளிம்பை வரைஞ்சு பின்னணியில இருந்து பிரிக்கிறது. ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். ஒரு படத்துக்கு மாசக்கணக்கா உழைச்சான். சித்தி தியேட்டர்ல கடைசி வரைக்கும் உட்கார்ந்து, “மக்ளே, ஒன் பேரு எப்பம்டே வரும்?”னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வரல. எந்தப் படம்னு சொல்ல மாட்டேன், அவன் வேலை முக்கியம்.

ஹாலிவுட்ல இப்போ எதிர்ப் பக்கம் ஓடுது: ‘எல்லாமே நிஜம், சிஜி இல்லை’. 2023-ல ‘ஓப்பன்ஹைமர்’ அப்படித்தான் விற்பனை ஆச்சு. ஆனா நிஜமா எடுத்த வெடிப்பையும் தீப்பொறியையும் அடுக்கிச் சேர்த்தது டிஎன்இஜி-யோட விஎஃப்எக்ஸ் டீம். அதுல பெரும்பாலானவங்க பேரு டைட்டில்ல வரலன்னு சர்ச்சையும் ஆச்சு. நம்பர் சொல்லி விக்கிற இடத்துல ஆர்ட்டிஸ்ட் ஒரு எண்ணிக்கை. ‘சிஜி இல்லை’ன்னு விக்கிற இடத்துல அதுகூட இல்லை.

நம்ம புதுச்சேரியில ஷூட் பண்ணின ‘லைஃப் ஆஃப் பை’ ஞாபகம் இருக்கா? அந்தப் புலியை உருவாக்கின ரிதம் அண்ட் ஹியூஸ், 2013 பிப்ரவரியில திவாலுக்கு மனு போட்டுச்சு. அதே மாசம் அந்தப் படத்துக்கு விஎஃப்எக்ஸ் ஆஸ்கர் கிடைச்சுது. மேடையில அவங்க கம்பெனி நிலைமையைச் சொல்ல ஆரம்பிச்சதும் மைக்கை கட் பண்ணிட்டாங்க.