மேன்முறையீடா? இரண்டு திகதிகள் கவனம்!

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு எதிராகிவிட்டது, அப்பீலுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது?"

14 நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தில் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுத்து, எதிராளியின் செலவுக்குப் பிணையும் வைக்க வேண்டும். தீர்ப்பு நாளும் அறிவித்தல் கொடுக்கும் நாளும் ஞாயிறும் பொது விடுமுறையும் இதில் சேரா.

அத்தோடு வேலை முடியவில்லை. மேன்முறையீட்டு மனுவைத் தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாட்களுக்குள் அங்கேயே கொடுக்க வேண்டும். இதில் விடுமுறைகளும் எண்ணப்படும். தவறினால் மேன்முறையீடே தள்ளுபடியாகலாம்.

2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி விசாரிப்பது மாகாண மேல் நீதிமன்றம். வர்த்தக மேல் நீதிமன்றத் தீர்ப்பென்றால் நேரே உயர் நீதிமன்றம்.

தீர்ப்பு வந்த அன்றே சட்டத்தரணியைக் கண்டு, காசோலைத் திகதி குறிப்பதுபோல் இரண்டு திகதிகளையும் குறித்து வையுங்கள்.