வலைத்தளத்துக்கும் உண்டு சான்று அட்டை

(வானொலி வேளாண் உரை)



விதை வாங்கப் போகிறவர்கள் மூட்டை வாயில் தைத்திருக்கும் அட்டையைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. ரகம் என்ன, குவியல் எண் என்ன, எந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்பதெல்லாம் அதிலே இருக்கும். இதே மாதிரி வலைத்தளங்களுக்கும் ஒரு சான்று இருக்கிறது. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இரண்டு வகையில் இருக்கிறது. ஒன்று, பல உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அரிசி, பருப்பு, செக்கு எண்ணெய், வெல்லம் இவற்றைச் சொந்த வலைத்தளம் வைத்து விற்கின்றன. வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் நம்மை நம்பி அங்கே எழுதுகிறார். இரண்டாவது, மானியம், பயிர்க் காப்பீடு, கடன் என்று நாமும் நம்முடைய ஆதார் எண்ணையும் பாங்கிக் கணக்கையும் வலைத்தளங்களில் கொடுக்கிறோம். கொடுக்கிற இடம் சரியான இடந்தானா என்று தெரிய வேண்டாமா?

சான்று என்ன செய்கிறது?

செல்போனில் நீங்கள் தட்டுகிற எழுத்து பல கருவிகளைத் தாண்டித்தான் அந்தத் தளத்துக்குப் போய்ச் சேருகிறது. சான்று இல்லாத தளத்துக்கு எழுதுவது தபால் கார்டில் எழுதுகிற மாதிரி. வழியிலே யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம், ஒரு எழுத்தை மாற்றவும் செய்யலாம். சான்று உள்ள தளத்துக்கு எழுதுவது அரக்கு முத்திரை வைத்த கவர் மாதிரி. இடையில் இருப்பவர் படிக்கவும் முடியாது, மாற்றினால் தெரிந்தும் போகும்.

இதற்கு இரண்டு சாவிகள் வேலை செய்கின்றன. பொதுச் சாவியை ஊருக்கெல்லாம் காட்டலாம். தனிச் சாவியோ தளம் வைத்திருப்பவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். சான்றில் தளத்தின் பெயர், அதன் பொதுச் சாவி, காலாவதி நாள், சான்று கொடுத்த நிறுவனத்தின் மின் கையெழுத்து ஆகியவை இருக்கும். எந்தெந்த நிறுவனங்களின் கையெழுத்தை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது. பிரவுசர் அதை வைத்துச் சரிபார்க்கும். பெயர் பொருந்தவில்லை, நாள் கடந்துவிட்டது, கையெழுத்து தெரியவில்லை என்றால் உடனே எச்சரிக்கும். சான்றே இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பானதல்ல' என்று குரோம் பிரவுசர் 2018 ஜூலை முதல் காட்டி வருகிறது. அப்படிக் காட்டினால் உங்கள் அரிசியை யார் வாங்குவார்கள், சொல்லுங்கள்?

எந்தச் சான்றை வாங்குவது?

சான்றுகள் மூன்று வகை. முதல் வகையில், அந்தப் பெயர் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அவர்கள் கொடுக்கும் ஒரு குறிப்பை உங்கள் தளத்தில் வைத்துக் காட்டினால் சில நிமிடத்தில் சான்று வந்துவிடும். இரண்டாம் வகையில் நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் விசாரிப்பார்கள். மூன்றாம் வகையில் பதிவுப் பத்திரங்களை இன்னும் விரிவாகச் சோதிப்பார்கள். விலையும் அதற்குத் தக்கபடி ஏறும்.

ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். மூன்றிலும் முத்திரையின் பலம் ஒன்றுதான். விலை கூடிய சான்று வாங்கினால் பூட்டு கெட்டியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்பெல்லாம் மூன்றாம் வகை வாங்கியவர்களின் நிறுவனப் பெயர் முகவரிப் பட்டையில் தனியாகத் தெரியும். 2019-இல் குரோமும் பயர்பாக்சும் அதை எடுத்துவிட்டன. ஆகவே உழவர் குழுவின் தளத்துக்கு முதல் வகையே போதும்.

அதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்று ஒரு சேவை இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று அதை நடத்துகிறது. 2015 டிசம்பர் முதல் யார் கேட்டாலும் இலவசமாகச் சான்று கொடுத்து வருகிறார்கள். தளத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனிகள் பலவும் இதைத் தாங்களே பொருத்திக் கொடுக்கின்றன. தளம் செய்து தருகிறவர் சான்றுக்கென்று தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டால், எந்த வகைச் சான்று, எதற்காக என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் தளப் பெயரை மூன்று டபிள்யூ போட்டும் தட்டுவார்கள், போடாமலும் தட்டுவார்கள். சான்றில் இரண்டு பெயரும் இருக்கட்டும். இல்லையென்றால் பாதிப் பேருக்கு எச்சரிக்கைதான் தெரியும்.

காலாவதியை மறக்காதீர்கள்

சான்று விதைக்குப் பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம் கெடு. வலைத்தளச் சான்றுக்கும் கெடு உண்டு. அது வரவரக் குறைந்துகொண்டே போகிறது. 2020 செப்டம்பரிலிருந்து அதிகபட்சம் 398 நாள் என்று இருந்தது. சான்று நிறுவனங்களும் பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் ஒரு முடிவு எடுத்தது. அதன்படி 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். தனிச் சாவி திருட்டுப் போனாலும் திருடனுக்கு நெடுநாள் பயன்படக்கூடாது என்பது ஒரு காரணம்.

47 நாளுக்கு ஒரு தரம் ஆள் உட்கார்ந்து புதுப்பிப்பது ஆகிற காரியமா? ஆகவே தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கெடு முடியப் போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பி வந்த மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. மாதம் ஒருமுறை குழுவில் ஒருவர் தளத்தைத் திறந்து காலாவதி நாளைப் பார்த்துவிடுவது நல்லது. அறுவடை முடிந்து விற்பனை சூடு பிடிக்கிற நேரத்தில் தளம் எச்சரிக்கை காட்டினால் நஷ்டம் நமக்குத்தான்.

அதே போல, தளப் பெயரைக் குழுவின் பேரிலேயே பதிவு செய்யுங்கள். டவுனில் தளம் செய்து கொடுத்தவர் பேரில் இருந்தால், நிலம் நம்முடையது, பட்டா இன்னொருத்தர் பேரில் என்கிற கதைதான். தனிச் சாவியை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக்கூடாது. சாவி வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் பழைய சான்றை ரத்து செய்து, புதுச் சாவியோடு புதுச் சான்று வாங்க வேண்டும்.

சான்று எதைச் சொல்லாது?

இதுதான் முக்கியமானது. நீல அட்டை இருந்தால் நெல் விதை குறைந்தது 80 சதம் முளைக்க வேண்டும் என்று அர்த்தம். அது சரக்கின் தரத்துக்குச் சான்று. வலைத்தளச் சான்று அப்படியல்ல. மேலே எழுதியிருக்கும் பெயர் இதுதான் என்று மட்டுமே அது சொல்லும். உள்ளே இருப்பவன் யோக்கியனா என்று சொல்லாது. மோசக்காரனும் தன் தளப் பெயருக்கு நிமிடத்தில் இலவசச் சான்று வாங்கிவிடலாம்.

சோலார் பம்பு செட்டுக்கான பி.எம். குசும் திட்டத்தின் பேரில் போலித் தளங்கள் கிளம்பின. பதிவுக் கட்டணம் என்று சொல்லி விவசாயிகளிடம் பணம் பறித்தன. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2019-இலும் 2020-இலும் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று ஜனங்கள் நினைத்துவிடுகிறார்கள் என்பதால், குரோம் பிரவுசர் 2023-இல் அந்தப் படத்தையே மாற்றிவிட்டது.

அப்படியானால் என்ன செய்வது? பெயரைப் படியுங்கள். தளப் பெயரில் முதல் சாய்கோடு வருவதற்கு முன்னால் உள்ள கடைசிப் பகுதியைப் பாருங்கள். மத்திய, மாநில அரசுத் தளங்கள் பொதுவாக 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என்றே முடியும். அந்த எழுத்துகள் பெயருக்கு நடுவில் வந்தால் போதாது. முடிவில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொடாமல், வேளாண் உதவி அலுவலரிடம் சரியான பெயரைக் கேட்டு நீங்களே தட்டுங்கள்.

சான்று கொடுக்கிறவர்களே தவறுவதும் உண்டு. 2014 ஜூலையில், நமது தேசிய தகவல் மையத்தின் சான்று வழங்கும் பிரிவிலிருந்து கூகுள், யாகூ தளப் பெயர்களுக்கு முறையற்ற சான்றுகள் போயிருப்பது தெரிய வந்தது. உடனே அந்தப் பிரிவின் அதிகாரச் சான்றுகளை ரத்து செய்தார்கள். இந்த மாதிரி மாற்றமெல்லாம் உங்கள் போனுக்கு வர வேண்டுமானால், 'அப்டேட்' கேட்கும்போது தள்ளிப் போடாமல் செய்துவிட வேண்டும்.

எச்சரிக்கை தெரிந்தால் அதைத் தாண்டி உள்ளே போகாதீர்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

விதை மூட்டையில் அட்டையைப் படிக்கிற அதே கண்ணால் தளத்தின் பெயரையும் படியுங்கள்.