நினைவு பிசகினால் பணம் என்னாகும்?



பால் நிறுக்கும் இடத்தில், கிராணி எழுதும் எடையை எட்டிப் பார்க்காமல் நாம் வந்ததுண்டா? ஓர் இலக்கம் பிசகினாலும் நட்டம் நமக்குத்தானே!

இன்று வங்கிக் கணக்கும் சேமநிதிக் கணக்கும் சர்வர் எனப்படும் பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் எந்த எண்ணையும் 1, 0 என்ற இரண்டே குறிகளால் எழுதும். 1,024 வெள்ளி என்றால் ஒரு 1, அதன் பின்னே பத்துச் சுழியம். விண்ணிலிருந்து வரும் நுண்துகள் நினைவகச் சில்லில் பட்டு அந்த 1 மாறினால், மிஞ்சுவது வெறும் சுழியம்!

அதனால்தான் சர்வர் நினைவகத்தில் 64 குறிகளுக்கு 8 காவல் குறிகள் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். ஒரு குறி பிசகினால் அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும்; இரண்டு பிசகினால் எச்சரிக்கும். இவ்வகைத் திருத்தத்துக்கு 1950-இல் வழிகாட்டியவர் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாம்மிங்.

அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்காதீர்கள். 1972-இல் பினாங்கில் இன்டெல் ஆலை வந்தது. இன்று நம் நீலாய்க்கு அருகே சிரம்பானிலும் சில்லுத் தொழில் நடக்கிறது. அங்கே உங்கள் பிள்ளை சில்லைப் பொருத்தும் கையாக மட்டுமா இருக்க வேண்டும்? அதை வடிவமைக்கும் மூளையாகவும் வரலாமே! கணிதத்தைக் கைவிடாமல் படிக்க வையுங்கள்.